சூசை பாஸின் கராஜ் தரை

சூசை பாஸ் போய்விட்டார் என்று அவருடைய மூத்த மகள் மெர்சி போனில் சொன்னபோது நான் தோட்டத்தில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு மீதி இருந்த கட்டுகளையும் கட்டி முடித்தேன். பிறகுதான் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். டவுனுக்கு என்றேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதலில் எழும்பும் குரல் என்னுடையதுதான். ராக்கம்மா வந்தால்தான் சாவு வீடு சாவு வீடாக இருக்கும் என்று சொல்வார்கள். சூசை பாஸ் வெள்ளைச் சட்டையோடு, கையில் ஜெபமாலையோடு பெட்டியில் கிடந்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் தொடங்கவில்லை. பார்த்துப் பார்த்துவிட்டு அவர்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து சோறாக்கினேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம், நீங்களும் எழுதித் தாருங்கள் அத்தை என்று மெர்சி கேட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவது என்றேன். அந்த ஜீப் கதையை எழுதுங்கள், அப்பா அடிக்கடி சொல்லுவார் என்றாள். அவளுக்குத் தெரிந்த கதை பாதிதான். மீதியையும் எழுதலாமா என்று என் மகன் கணேசனிடம் கேட்டேன். "எழுதும்மா. பேர் கெட்டது அவருக்குத்தானே" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

சூசை பாஸ் பிறந்தது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. வாகன வயரிங் வேலை பழகுவதற்காக ஒரு சிங்கள பாஸிடம், அதாவது தொழில் தெரிந்த மேஸ்திரியிடம், போய்ச் சேர்ந்தவர், பிறகு தானே பாஸ் ஆகி தலவாக்கலையில் கராஜ் போட்டார். அவரை நான் பாஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்த புதிதில் என் வீட்டு பல்ப் மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அவர் வந்து பல்பைப் பார்க்கவே இல்லை. வெளியே போய், மண்ணில் இறக்கியிருந்த கம்பியைத் தேடிப் பிடித்து, துரு சுரண்டி இறுக்கிவிட்டுப் போனார். "மொதல்ல எர்த்தப் பாருங்க" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல். மெர்சியின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டபோதும் என் காதில் அதையேதான் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லுவார். "பழசாப் போச்சுன்னு சொல்றவன் தொறந்து பாக்காதவன்." அவரிடம் வேலை பழகியவர்களுக்கு இது நினைவிருக்கும். பழசு என்ற சொல்லை அவர் கராஜில் யாரும் வாயெடுத்துச் சொல்ல முடியாது. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது வேண்டும்.

அந்த கராஜின் தரையைப் போட்டது என் வீட்டுக்காரர் முத்தையா. அவர் வீடு கட்டுகிற மேசன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் சீமெந்து கலந்து இரண்டு நாளில் போட்டு முடித்தார். மூன்றாம் நாள் சூசை பாஸ், தரையில் தண்ணீர் நிற்குமா அத்தான் என்று கேட்டார். இவர் ஒரு செம்புத் தண்ணீரை ஒரு மூலையில் ஊற்றினார். அது வளையாமல் நெளியாமல் ஓடி எதிர்ப்பக்கத் தண்ணீர்க் கானில் விழுந்தது. மலையில் தரை போட்டால் தண்ணீர் ஓட வாட்டம் வைக்காமல் யாரும் போடமாட்டார்கள். ஆனால் இவர் வைக்கிற வாட்டம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. தண்ணீருக்குத்தான் தெரியும். இவர் இறந்து இத்தனை வருடமாகியும் அந்தத் தரையில் ஒரு வெடிப்பு இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

இனி ஜீப் கதை.

கணேசன் அப்போது எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையின் ட்ரைவர். ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடி இங்கே வந்த ஜீப் அது. பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். பங்களாவுக்குப் பக்கத்தில் ட்ரைவருக்கென்று இரண்டு அறை வீடு. நான், கணேசன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். லயத்தில் பிறந்த என் மகன் துரைக்கு வண்டி ஓட்டுகிறான் என்பதில் எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த வருடம் பொங்கலுக்குத் துரை கொழும்புக்குப் போயிருந்தார். ஜீப் பங்களாவில் நின்றது. தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் பானையோடு நான் ஜீப்பில் போய் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கணேசன் வேண்டாம் என்றான். துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றான். நான்தான் விடவில்லை. பானையை முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனோம். வளைவில் பானை சாய்ந்தது. பாலும் வெல்லமும் சோறுமாக நடுவில் இருந்த பெட்டிக்குள்ளே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழைய சேலையால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஜீப்பில் ஒரு மஞ்சள் லைட் எரியத் தொடங்கியது. வழுக்கிப் போகும் கார் மாதிரி ஒரு படம். ஈர ரோட்டில் வண்டி வழுக்கினால், ட்ரைவர் மிதிக்காமலே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்குகிற ஏற்பாடு அந்த ஜீப்பில் இருந்தது. அதில்தான் பழுது. துரை ஜீப்பை சூசை பாஸிடம் அனுப்பினார். கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஒருவரை பாஸ் வரவழைத்தார். அது ஒரு நம்பரைக் காட்டியது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துச் சொல்லும் சென்சர் பழுது என்று அந்த நம்பருக்கு அர்த்தமாம். வந்தவர் மாற்றிவிடச் சொல்லிப் போய்விட்டார். பாஸ் மாற்றவில்லை. "நம்பர் எடத்தைத்தான் சொல்லும், காரணத்தச் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, முதலில் எர்த் வயரைப் பார்த்தார். பிறகு சீட்டுக்கு நடுவில் இருந்த பெட்டியைக் கழற்றினார்.

சவர்க்காரப் பெட்டி அளவுதான் அந்த சென்சர். அதன் வயர் மாட்டுகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு. சுற்றிலும் எறும்பு. களிம்புக்குள்ளே ஒட்டிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை.

அன்றைக்கு நான் மருந்து எடுக்க டவுனுக்குப் போனவள் கராஜில் நின்றேன். பாஸ் அந்தப் பருக்கையை விரல் நுனியில் எடுத்து வந்து எனக்குக் காட்டினார். எனக்கென்ன தெரியும் என்றேன். கணேசன் கானைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் அதைச் சுண்டிவிட்டு, "என்னயத்தான் பொங்கலுக்குக் கூப்பிடவே இல்லயே அக்கா" என்றார்.

உடைத்த வண்டி ஒன்றிலிருந்து நல்ல சென்சர் ஒன்று தேடிப் பிடித்துப் பூட்டினார். பூட்டினால் மட்டும் போதாதாம். நேராக நிற்பது எது என்று அந்தப் பெட்டிக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அதற்கென்று ஒரு இங்கிலிஷ் போட்டோக் கொப்பி வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்து, ஸ்டியரிங்கின் கீழே இருந்த இரண்டு ஓட்டைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தார். லைட் அணைந்தது. ஜீப் திரும்பி வந்தது. துரைக்குச் சந்தோசம்.

நாலாம் நாள் ஜீப் ரோட்டோரக் கானில் விழுந்தது.

தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில், சாயங்காலம், இறங்கும்போது. உள்ளே துரை இருந்தார். அவர் நெற்றி கண்ணாடியில் இடித்து வீங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. பீப் என்று சத்தம் வந்தது, ஒரு பக்கச் சக்கரத்தை யாரோ பிடித்து நிறுத்தின மாதிரி வண்டி இழுத்தது, தான் பிரேக்கைத் தொடவே இல்லை என்று கணேசன் சொன்னான். யார் நம்புவார்கள். காலையில் அதே வளைவில்தானே ஏறினாய், அப்போது ஏன் இழுக்கவில்லை என்று துரை கேட்டார். குடித்திருந்தான் என்று ஒருவர் சொன்னார், தூங்கிவிட்டான் என்று இன்னொருவர். வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலையும் போகும், வீட்டையும் விட வேண்டும். ஆறு பேர் எங்கே போவது?

புதன்கிழமை கணேசனைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். உடைந்த முன் லைட்டை மாற்றுவதற்காக ஜீப்பை அங்கேதான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். போன வேகத்தில் கத்தினேன். "ஒங்கள நம்பித்தானே பாஸ் குடுத்தோம். என் மகன குடிகாரன்னு எழுதப் போறாங்க. ஒங்க வேலைக்கு அவன் வீட்டக் காலி பண்ணணுமா?"

அவர் என்னை விட்டுவிட்டு கணேசனிடம் கேட்டார்.

"எந்தப் பக்கம் வளையும்போது இழுத்துச்சு?"

"வலது பக்கம்."

"ஏறும்போது அதே வளைவு எடது பக்கமா வருதுல்ல?"

கணேசன் ஆமாம் என்றான்.

"வேற எங்கயாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"பாலத்துக்கிட்ட ஒரு தடவ லேசா பீப்னுச்சு. அதுவும் வலதுதான் மாமா."

"எடது வளைவுல?"

"ஒருக்காலும் இல்ல."

அவர் கையைத் துடைத்துவிட்டு அந்தக் கொப்பியை எடுத்தார். இந்தப் பெட்டி எப்போதும் தான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் வலது வளைவில் வண்டி வழுக்குவதாகப் பயந்து பிரேக்கைப் போடுகிறது, ஆனால் ஏன் என்று விளங்கவில்லை என்றார். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். லெவல் தரை என்ற இடத்தில் விரல் நின்றது. "லெவல் தரையிலதான நிப்பாட்டினேன். இந்தச் சீமெந்துத் தரையவிட லெவல் என்னா இருக்கு?"

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அவ்வளவு கோபத்திலும் எனக்கு என் வீட்டுக்காரரின் கைதான் ஞாபகம் வந்தது.

"பாஸ், இது எங்க வீட்டுக்காரரு போட்ட தரை. வாட்டம் வச்சுல்ல போட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்க் கேனை எடுத்து ஜீப்பின் ஒரு பக்கச் சக்கரத்தடியில் சரித்தார். தண்ணீர் வண்டிக்கு அடியில் குறுக்காக நேரே ஓடி, மறுபக்கச் சக்கரத்தைத் தாண்டிக் கானில் விழுந்தது. அன்று செம்புத் தண்ணீர் ஓடினது போலவே.

பாஸ் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "இத்தன வருசமா இது மேலதான் நிக்கிறேன்" என்றார். பிறகு, "கணேசா, தப்பு என்னோடது" என்றார்.

சரியான சமதரை வேண்டும். பஸ் ஸ்டாண்ட் சரிவு, பள்ளிக்கூட மைதானம் சரிவு, கோயில் வாசல் சரிவு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் சமமான இடம் தேடுவது அவ்வளவு லேசு இல்லை. வட்டகொடை ஸ்டேசன் யார்டுக்குப் போங்கள் என்று நான் சொன்னேன். என் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. மழை பெய்தால் அந்த யார்டில் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது, அப்படியே நிற்கும். சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்.

வியாழன் காலை போனோம். ஸ்டேசனில் கேட்டுக்கொண்டு ஜீப்பை உள்ளே விட்டார். கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை அவர் ஒரு சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்தார், மறு நுனியை என்னிடம் தந்து எதிர்ச் சக்கரத்தில் பிடிக்கச் சொன்னார். மேசன்மார் மட்டம் பார்க்கும் முறை அது. எனக்குப் புதிதில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்பார், சக்கரத்தில் கீறியிருந்த கோட்டுக்கு மேலே என்பேன். ஜீப்பைத் தள்ளுவோம். மூன்றாம் தடவைதான் நாலு சக்கரத்துக்கும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது.

அப்போது பார்த்து ரயில் வரப்போவதாகச் சொன்னார்கள். நிலம் நடுங்கினால் பெட்டி தப்பாகப் படித்துவிடும் என்று பாஸ் காத்திருந்தார். ரயில் நேரத்துக்கு வந்தால்தானே. "நம்ம அவசரம் அதுக்குத் தெரியுமா" என்று சிரித்தார். அது வந்து, நின்று, போய், தண்டவாளத்துச் சத்தம் முழுதாக அடங்கிய பிறகு வயரை மாட்டினார். நான் சக்கரத்தடியில் ட்யூபைப் பிடித்தபடியே குந்தியிருந்தேன்.

"ஆடாதீங்க அக்கா. அப்படியே இருங்க."

நான் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டேன். என் பேரப்பிள்ளைகள் படுக்கிற வீட்டின் கூரை அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லைட் மினுங்கியது. அதன்பின் அணைந்தது.

"சரி அக்கா. இனி அசையலாம்."

வெள்ளி காலையில் ஸ்டோர் வளைவில் மூன்று தடவை இறங்கிப் பார்த்தார்கள். இரண்டு தடவை பாஸ் ஓட்டினார், மூன்றாவது கணேசன். நான் பின்சீட்டில் இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

விசாரணைக்கு பாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். சாய்ந்த தரையில் வைத்து சென்சருக்குக் கற்றுக்கொடுத்தது தான்தான், ட்ரைவர் மேல் குற்றம் இல்லை என்று அவர் துரையிடம் சிங்களத்தில் சொன்னார். வலது வளைவையும் இடது வளைவையும் ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். துரை கெட்டிக்காரர். விளங்கிக்கொண்டார். பிறகு, கணேசனுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்று கேட்டார்.

"அது சரி பாஸ். மொதல் சென்சர் ஏன் பழுதாப் போனது?"

கணேசன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பருக்கையைப் பற்றி ஒரு சொல் வந்தால் போதும். எறும்பு என்ற சொல் வந்தால்கூடப் போதும்.

பாஸ் அந்தக் கடதாசியை மடித்துக்கொண்டே, "பழசாப் போச்சுங்க தொரை" என்றார்.

கணேசனுக்கு வேலை நிலைத்தது. வீடும் நிலைத்தது. தோட்டத்து வாகனம் ஒன்றும் இனி சூசை பாஸின் கராஜுக்குப் போகக்கூடாது என்று துரை அன்றைக்கே சொல்லிவிட்டார். லொறி, ட்ராக்டர், கொழுந்து வண்டி எல்லாம் வேறு இடத்துக்குப் போயின. அவர் த்ரீவீலர்களுக்கு ஹோர்ன் பூட்டிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மகன் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாஸே ஒப்புக்கொண்டார் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் கோயிலிலும் சொல்லித் திரிந்தேன். சூசை பாஸுக்குப் புது வண்டி வேலை தெரியாது என்று லயத்தில் பேச்சு வந்தபோது, இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கும். அடுத்த பொங்கலுக்கு ஒரு தூக்குச்சட்டியில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மூடிய இறுக்கிக் கட்டித்தான் கொண்டாந்தீங்களா அக்கா?" என்று கேட்டார். வருடா வருடம் அதையேதான் கேட்டார். வேறு ஒரு சொல் இல்லை. நன்றி என்று நானும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். கணேசன் இப்போது சொந்த வேன் வைத்து, மலை யாத்திரை சீசனில் நல்லதண்ணிக்கு ஆட்கள் ஏற்றி ஓடுகிறான். இனி மறைக்க ஒன்றும் இல்லை. சூசை பாஸுக்கு வேலை தெரியாது என்று சொன்னவர்கள் இந்தப் புத்தகத்தைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்த சென்சர் பழசாகிப் போகவில்லை. நான் ஊற்றிய பொங்கலும் நான் ஊற்றிய தண்ணீரும்தான் அதைக் கெடுத்தன. அது அவருக்குத் தெரியும். பழசு என்று சொல்கிறவன் திறந்து பார்க்காதவன் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுசர், திறந்து பார்த்துவிட்டு எனக்காக அப்படிச் சொன்னார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மெர்சி கராஜைத் திறந்து, என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை என்றாள். அந்தக் கண்ணாடி ட்யூப் ஆணியில் சுருட்டித் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டேன்.

மெர்சி, உன் அப்பாவின் தலைமாட்டில் ராக்கம்மா ஏன் அழவில்லை என்று பலர் கேட்டிருப்பார்கள். எனக்கும் தெரியவில்லை. வட்டகொடை யார்டில் சக்கரத்தடியில் எப்படிக் குந்தியிருந்தேனோ அப்படியே இருந்தது எனக்கு. இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். சரி அக்கா, இனி அசையலாம் என்று சொல்ல அவர் இல்லை.